நாக்பூரில் ஒரு பந்து செய்த பணி

சென்னையிலிருந்து தில்லிக்கு ரயிலில் சென்றிருக்கிறீர்களா? பல்லார்ஷாவைக் கடந்த சில மணி நேரத்தில் வண்டி நாக்பூரில் நிற்கும். ஆரஞ்சுப் பழம் வாங்குவோம், வண்டி புறப்பட்டுவிடும். நம்மில் பலர் அறிந்த நாக்பூர் அவ்வளவே. அடுத்த முறை வாய்ப்புக் கிட்டினால் அங்கே இறங்கி, ஊரைச் சற்றுச் சுற்றிப் பாருங்கள்.

நான்கு குதிரைச் சிலைகளுடன் நிற்கும் 'ஜீரோ மைல்' கல்தூணை எல்லோரும் காட்டுவார்கள். ஆங்கிலேயர் காலத்து நில அளவையின் சின்னம் அது. சிவில் லைன்ஸ் பகுதியில் 1883ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஹிஸ்லாப் கல்லூரி இருக்கிறது. அங்கே விளையாட்டு ஆசிரியராகப் பணிபுரிந்த விஜய் பார்சே என்பவரின் தொண்டுதான், இவ்வூரில் நாம் அறிந்துகொள்ள வேண்டிய முதன்மையான செய்தி என்பேன்.

2001ஆம் ஆண்டின் மழைக்காலம். குடிசைப் பகுதிச் சிறுவர்கள் சிலர், கொட்டும் மழையில் உடைந்த வாளியொன்றை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தனர். அவ்வழியே வந்த பார்சே அதைக் கண்டார். ஒரு கால்பந்தைக் கொணர்ந்து கொடுத்தார். பந்து காலடியில் இருக்கும் நேரத்தில் தீய பழக்கங்கள் அச்சிறுவர்களை நெருங்குவதில்லை என்பதையும் உணர்ந்தார். பந்தைக் கொடுத்ததோடு கடமை முடிந்ததென்று அவர் வீடு திரும்பிவிடவில்லை. அவரது பெருமை அதில்தான் அடங்கியிருக்கிறது.

மறு ஆண்டே குடிசைப் பகுதி இளைஞர்களுக்கெனப் போட்டி ஒன்றை நடத்தினார். 128 அணிகள் திரண்டு வந்தன! காலணி இல்லையே, சீருடை இல்லையே என்று எவரும் திருப்பி அனுப்பப்படவில்லை. இருப்பவனுக்கு மட்டுமே திறக்கும் மைதானத்தின் கதவை, இல்லாதவனுக்காகவும் அவர் திறந்து வைத்தார். பணி ஓய்வின்போது கைக்கு வந்த பணத்தை, நகருக்கு வெளியே பயிற்சிக்கான நிலம் வாங்கச் செலவிட்டார். அமெரிக்காவில் இருந்த மகனும் தாயகம் திரும்பித் தந்தையின் பணியில் தோள் கொடுத்தார். 'ஸ்லம் சாக்கர்' என்ற பெயரில் அம்முயற்சி பல மாநிலங்களுக்கும் பரவியது.

வீடற்றோருக்கான உலகக் கோப்பை என்றொரு போட்டி உண்டு. 2003இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் தொடங்கியது. அணிக்கு நால்வர், ஆட்டம் பதினான்கே நிமிடம். ஒருவர் வாழ்நாளில் ஒரு முறைதான் அதில் ஆடலாம். ஒருகாலத்தில் காவல்துறைக்கு அஞ்சி ஒளிந்து திரிந்த இளைஞர் ஒருவர், பார்சேயின் மைதானத்தில் திருந்தி, 2010இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த அப்போட்டியில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 2016இல் 'ஃபிஃபா' அமைப்பு தன் பன்முகத்தன்மை விருதை ஸ்லம் சாக்கருக்கு வழங்கியது. 2022இல் வெளியான 'ஜுண்ட்' என்ற இந்தித் திரைப்படத்தில் அமிதாப் பச்சன் ஏற்றது, பார்சேயின் வாழ்வைத் தழுவிய பாத்திரமே.

விருதும் திரைப்படமும் பின்னால் வந்தவை. கைதட்ட ஆளில்லாத நாட்களிலும் அவர் மைதானத்திற்குச் சென்றார் என்பதையே நாம் நெஞ்சில் இருத்த வேண்டும்.

இனி நம் ஊர்ப்பக்கம் திரும்புங்கள். நம் மஹல்லாக்களில் செல்வந்தர்கள் இல்லையா? கோப்பை வாங்கித் தருவார்கள். பரிசளிப்பு விழாவில் பொன்னாடையும் ஏற்பார்கள். ஆனால் மாலைதோறும் மைதானத்தோரம் நின்று, "இன்று ஏன் அவன் வரவில்லை?" என்று கேட்கும் பெரியவர் எத்தனை பேர்? வராத அந்தப் பிள்ளை எங்கே போனான் என்பதல்லவா நம் கவலையாக இருக்க வேண்டும்? போதைப் பொருளை விற்பவன் நாள் தவறாமல் அவனைத் தேடி வருகிறான். நாமோ ஆண்டுக்கொரு முறை, விழா மேடைக்கு வருகிறோம்!

"விளையாட்டு வயிற்றுக்குச் சோறு போடுமா?" என்று சிலர் கேட்கக்கூடும். எல்லோருக்கும் போடாது, உண்மைதான். ஆனால் தோல்வியைத் தாங்கவும், பிறனோடு இணைந்து நிற்கவும், விதிக்குக் கட்டுப்படவும் அது கற்றுக் கொடுக்கும். இவை இல்லாதவன் சம்பாதித்த சோறும் அவனுக்கு நிலைப்பதில்லை.

உங்கள் தெருவில் காலி இடம் ஏதேனும் எஞ்சியிருக்கிறதா? அங்கே கட்டடம் எழும்புவதற்குமுன், ஒரு பந்துடன் போய் நில்லுங்கள். மறுநாளும் செல்லுங்கள்.