கும்மிடிப்பூண்டிக்கு ஓர் அதிகாலைப் பயணம்

சென்ற தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, அதிகாலைத் திருப்பலியை உதவிக் குருவிடம் ஒப்படைத்துவிட்டு, கொருக்குப்பேட்டை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டிக்காகக் காத்து நின்றோம். இவ்வழி நமக்குப் புதிதன்று. பழவேற்காடு மகிமை மாதா திருத்தலத்திற்குப் பொன்னேரி வரை இரயிலிலும், அப்பால் பேருந்திலும் எத்தனையோ முறை சென்றிருக்கிறோம். ஆனால் அவையெல்லாம் திருப்பயணங்கள். பிழைப்புக்காகச் செல்வோருடன், அவர்கள் செல்லும் வேளையில், நாம் ஒருநாளும் சென்றதில்லை.

அனுப்பி வைத்தவர் எம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய். அவருடைய மூத்த மகன் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். இரண்டாம் ஷிப்டு முடிந்த ஓர் இரவு, வண்டி போய்விட்டது. அடுத்த வண்டிக்கு நெடுநேரம் இருந்தது. நண்பனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து நெடுஞ்சாலை வழியே வீடு திரும்பியவன், வீடு வந்து சேரவில்லை. அடக்கம் செய்து முப்பதாம் நாள் பூசை முடிந்தபின் அத்தாய் நம்மிடம், "சாமி, என் பிள்ளை தினமும் போய் வந்த வழியை நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்க" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

வண்டி வந்தது. ஏறினோம் என்பதைவிட ஏற்றப்பட்டோம் என்பதே பொருந்தும். நம் அங்கியைக் கண்டு ஓர் இளைஞர் எழுந்து இடம் தந்தார், வெட்கத்துடன் அமர்ந்தோம். ஒரே பெட்டியில் தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் ஒலித்தன. சோற்றுத் தூக்கை மடியில் வைத்தபடியே உறங்குவோர் சிலர். ஒரு பெண் கைப்பைக்குள் விரல்களை நுழைத்துச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். நெரிசலில் அதை வெளியே எடுக்க இடமில்லை போலும்! எண்ணூரைக் கடந்தபோது, கழிமுகத்து நீர்ப்பரப்பின் மேல் விடியல் படர்ந்தது. அப்பால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். காண அழகான காட்சிதான். காண்பதற்குத்தான் எவரும் விழித்திருக்கவில்லை.

அத்திப்பட்டில் வண்டி நின்றது. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. தொலைதூர விரைவு வண்டி ஒன்று கடந்து சென்றது. அதன்பின் நீண்டதொரு சரக்கு வண்டி. அருகிலிருந்த முதியவர் நம் முகத்தைப் பார்த்து, "இது எங்களுக்குத் தினப்பூசை சாமி" என்றார்.

இதில் எந்த ஊழியர் மீதும் குற்றமில்லை. பாதையின் அமைப்பே அப்படி. சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் செல்லும் பெருவழி இது. 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்தின் சரக்கும் இதே பாதையைத் தேடி வருகிறது. அத்திப்பட்டுக்கு வடக்கே போக ஒன்று, வர ஒன்று என இரண்டே தண்டவாளப் பாதைகள். அவற்றில் விரைவு வண்டியும் ஓட வேண்டும், சரக்கு வண்டியும் ஓட வேண்டும், மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் கவரைப்பேட்டையிலும் நின்று நின்று செல்லும் ஏழையின் வண்டியும் ஓட வேண்டும். மூவரில் எவர் ஒதுங்கி நிற்பார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1979-இல் இத்தடத்தில் மின்சார வண்டி வந்தபோது, கும்மிடிப்பூண்டி சிற்றூர்தான். இன்றோ சிப்காட் வளாகம் இங்கே. தேர்வாய் கண்டிகையில் மற்றொன்று. ஆந்திர எல்லையைத் தாண்டினால் தடாவை அடுத்து ஸ்ரீசிட்டி. ஆலைகள் பெருகின, ஆட்கள் பெருகினர், பாதை மட்டும் பெருகவில்லை. மூன்றாம், நான்காம் பாதைகளைப் பற்றிய பேச்சு பல ஆண்டுகளாகக் காதில் விழுகிறது. பேச்சின் மேல் வண்டி ஓடாது.

தாம்பரம் பாதையில் செல்வோர் நாம் சொல்வதை எளிதில் உணர்வர். அங்கே 1931-லேயே மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. புறநகர் வண்டிகளுக்கென்று தனிப் பாதைகள் உண்டு. ஆகவே ஒரு வண்டி போனால் கவலையில்லை. சற்று நேரத்தில் அடுத்தது வரும். ஏன், நம் மாவட்டத்திலேயே திருவள்ளூரைப் பாருங்கள். 1856 ஜூலை முதல் நாளில் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை திறக்கப்பட்ட, தென்னகத்தின் முதல் இருப்புப்பாதையே திருவள்ளூர் வழியாகச் சென்றதுதான். இன்று சென்னையிலிருந்து அங்கே நான்கு பாதைகள் செல்கின்றன. அவ்வூர் மக்களுக்கும் குறைகள் உண்டு; ஆனால் இரவு வண்டியைத் தவறவிட்டவன் நெடுஞ்சாலையை நோக்கி நடக்க வேண்டிய கட்டாயம் அங்கே குறைவு. மற்றொன்று: ஒரே மாவட்டத்திலுள்ள திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு இரயிலில் வர வேண்டுமாயின், சென்னை வரை வந்து வண்டி மாறித்தான் ஆகவேண்டும்! இல்லையேல் ஊத்துக்கோட்டை வழியே பேருந்து.

இருப்புப்பாதையில் மட்டும் விபத்து நேர்வதில்லையா என்று சிலர் கேட்கலாம். நேர்கிறது. 2024 அக்டோபர் 11-ஆம் நாள் இரவு, மைசூரிலிருந்து தர்பங்கா சென்ற பாக்மதி விரைவு வண்டி, கவரைப்பேட்டையில் நேர்ப்பாதையை விட்டுப் பக்கப்பாதையில் புகுந்து, அங்கே நின்ற சரக்கு வண்டியில் மோதியது. பலர் காயமுற்றனர், இறையருளால் உயிர்ச்சேதம் இல்லை. 2025 ஜூலை 13-ஆம் நாள் விடியற்காலையில், திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிய சரக்கு வண்டி தீப்பற்றி எரிந்தது. அன்று அத்தடம் முழுவதும் முடங்கியது. இவற்றை மறைக்க நாம் விரும்பவில்லை. சரக்கும் மக்களும் ஒரே தடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு செல்லலாகாது என்பதற்கே இவையும் சான்று என்று கருதுகிறோம்.

கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் மக்கள் ஓடினர். ஆம், ஓடினர். ஷேர் ஆட்டோவில் இடம் பிடிக்க வேண்டும். ஆலை வாயிலில் மணி அடிக்குமுன் நுழைய வேண்டும். தாமதித்தால் அரை நாள் கூலி போகும் என்றார் ஒருவர், ஓடிக்கொண்டே. நாமும் பின்னே நடந்து சிப்காட் சாலை வரை சென்றோம். லாரிகளுக்கிடையே மோட்டார் சைக்கிள்கள் சென்ற விதத்தைக் காணவே நெஞ்சு பதைத்தது.

சாலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர், திருப்பெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை, ஏறத்தாழ 133 கிலோமீட்டர் நீளத்திற்குச் சுற்றுச்சாலை அமைகிறது. சரக்குக்கு அது நன்று. ஆனால் ஒரு பேருந்தில் அறுபது பேர் என்றால், பன்னிரண்டு பெட்டி மின்சார வண்டி ஒன்று ஈராயிரம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்கிறது. மாதச் சீசன் டிக்கெட்டில் போய்வரும் தொழிலாளிக்கு அதைவிட மலிவான வழி வேறில்லை. சாலைக்கு நிலம் கிடைக்கும்போது, அத்திப்பட்டுக்கு வடக்கே இன்னும் இரு தண்டவாளங்களுக்கு மட்டும் நிலம் கிடைக்காதா? அதுவரையிலும்கூட, ஷிப்டு முடியும் நேரத்தை ஒட்டி இரவில் ஒரு வண்டி விடுவதற்கு நிலமும் வேண்டாம், கல்லும் வேண்டாம். கால அட்டவணையில் ஒரு வரி போதும்.

இதெல்லாம் சாமியாருக்கு எதற்கு என்று எண்ணுவோர்க்கு ஒன்று சொல்வோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், நகர மக்களின் போக்குவரத்துத் துன்பத்தைக் குறித்தே ஒரு பத்தி உண்டு. பொதுப் போக்குவரத்துக்கு முதலிடம் தரவேண்டும் என்ற கருத்தை அங்கே எடுத்துக்கூறி, நெரிசலும் போதாத வண்டிகளும் மனித மாண்புக்கு ஒவ்வாதவை என்கிறார். பங்கு நூலகங்களில் இருக்கும்; 153-ஆம் பத்தியைப் பாருங்கள்.

அன்றிரவு பத்து மணிக்குமேல் மீண்டும் கும்மிடிப்பூண்டி நடைமேடையில் நின்றோம். ஷிப்டு முடித்து வந்தவர்களில் சிலர் நேரத்தைப் பார்த்துவிட்டு, இரண்டிரண்டு பேராக வெளியே சென்றனர். மோட்டார் சைக்கிள்கள் உறுமும் ஓசை கேட்டது. மற்றோர் சிமெண்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டனர். நாம் வீடு சேர்ந்தபோது நள்ளிரவு கடந்திருந்தது.

சென்னைக் கோட்ட இரயில்வே மேலாளருக்கு அனுப்ப ஒரு மனு எழுதியிருக்கிறோம். முதற் கையொப்பம் அத்தாயினுடையது. கொருக்குப்பேட்டை முதல் கும்மிடிப்பூண்டி வரையுள்ள பங்குகளுக்கு அதன் படிகளை அனுப்பியுள்ளோம். ஞாயிறு பூசைக்குப்பின் சக்ரீஸ்தில் கேட்டால் தருவார்கள். நம் மக்கள் மட்டுமின்றி, அவ்வண்டியில் செல்லும் அண்டை வீட்டு இந்து, இஸ்லாமியச் சகோதரர்களையும் அழைத்து வந்து கையொப்பமிடச் செய்யுங்கள்.