ஒரு மீல்ஸ், மூணு மாத்திரை

சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாப்பிட்டவங்களுக்குத் தெரியும். ஒரு ஆள், ஒரு இலை, ஆனா பேரு மட்டும் பன்மை. "ஒரு மீல்ஸ்"னுதான் டோக்கன் கேட்போம். திருப்பதியில இறங்கினாலும் அதே போர்டுதான். ஃபுல் மீல்ஸ்னா கேட்கக் கேட்கப் போடுவாங்க. பிளேட் மீல்ஸ்னா கிண்ணத்துல வெச்சது வெச்சதுதான். திருப்பதியில காலேஜ் படிச்சப்போ மாசக் கடைசியில நாங்க பிளேட் மீல்ஸுக்கு இறங்கிடுவோம். இன்னொரு கரண்டி சாம்பார் வருமான்னு சர்வர் முகத்தையே பார்த்துட்டு இருப்போம் :-)

இப்போ நான் இருக்கறது ஜெர்மனியில. மதியம் 12 மணி ஆனா ஆபீஸ் காரிடார்ல எதிர்ல வர்றவங்க எல்லாம் "மால்ட்சைட்"னு சொல்லிட்டுப் போவாங்க. சாப்பாட்டு நேரம்னு அர்த்தம், நம்ம "சாப்டாச்சா" மாதிரி ஒரு விசாரிப்பு. அதுல 'மால்'னா சாப்பாடு. அதே உச்சரிப்புல இன்னொரு 'மால்' இருக்கு, அதுக்குத் 'தடவை'ன்னு அர்த்தம். 'ஐன்மால்'னா ஒரு தடவை. ரெண்டும் ஒரே பழைய சொல்லுல இருந்து வந்ததுதான்.

ஆங்கில 'மீல்' இதுக்குச் சொந்த அக்கா. பழைய ஆங்கிலத்துல அதுக்கு அளவுன்னும் குறிச்ச நேரம்னும் பொருள் உண்டு. அந்த நேரத்துல சாப்பிடறதுக்கும் அதே பேரு ஒட்டிக்கிச்சு. 'பீஸ்மீல்'ங்கற வார்த்தையில அந்தப் பழைய அளவு இன்னும் உயிரோட இருக்கு. (ஓட்மீல்ல வர்ற மீல் வேற. அது மாவு அரைக்கிற மில்லோட குடும்பம்.)

நம்ம ஊர்லயும் இதே கதைதானே? வேளைன்னா நேரம், ஆனா "ஒரு வேளை சாப்பிட்டேன்"னா சாப்பாட்டுக் கணக்கு. சித்தூர்த் தெலுங்குல 'பூட்ட'ன்னா அரை நாள். சாப்பாட்டையும் அதை வெச்சே எண்ணுவாங்க.

இன்னும் கீழே தோண்டினா, 'மீல்'லோட வேர் 'அளத்தல்'னு மொழியியல்காரங்க சொல்றாங்க. சமஸ்கிருத 'மாத்ரா'வும் அதே வேர்தான். அதுதான் நம்ம மாத்திரை. குறிலுக்கு ஒண்ணு, நெடிலுக்கு ரெண்டுன்னு படிச்சோமே, அதேதான் மெடிக்கல் ஷாப்லயும் விக்குது.

இதைப் படிச்சதும் எனக்கு அம்மா ஞாபகம்தான். அப்பா போனப்புறம் சித்தூர்ல தனியா இருக்காங்க. சர்க்கரை. மூணு வேளையும் சாப்பிட்டுட்டு மாத்திரை போடணும். போன்ல கேட்டா "ஆச்சுப்பா"ன்னு ஒரே வார்த்தை. என்ன ஆச்சுன்னு சொல்ல மாட்டாங்க. ஒருநாள் வீடியோ கால்ல மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லி எண்ணினேன். காலை, மதியம் சரி. ராத்திரி மாத்திரை ஒன்பது மிச்சம்.

"ஒருத்திக்கு எதுக்குப்பா உலை வைக்கணும்?"

அதே அம்மா திருமலைக்குப் போனா அன்னதானத்துல திருப்தியா சாப்பிடுவாங்க. 1985-ல தொடங்கின திட்டம். 2011-ல தரிகொண்டா வெங்கமாம்பா பேர்ல பெரிய கூடமே திறந்தாங்க. "அங்கே மட்டும் எப்படி இறங்குது?"ன்னு கேட்டேன். "பக்கத்துல நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடறாங்களே"ன்னாங்க.

ராத்திரிக்கு ஒரு மெஸ்ல கேரியர் சொல்லியிருக்கேன், ரெண்டு பேருக்கு. எதிர் வீட்டு அத்தையும் தனிதான், அவங்களும் வந்து உட்கார்ந்துக்கறாங்க. போன வாரம் எண்ணினப்போ ராத்திரி மாத்திரை ரெண்டுதான் மிச்சம். அத்தை மகள் வீட்டுக்குப் போயிருந்த ரெண்டு நாளாம்.