கல்லீரல் மாற்றிய பிறகு: சில குறிப்புகள்

1963, டென்வர். அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்சல் முதன்முதலாகக் கல்லீரல் மாற்றிய குழந்தை, ரத்தப்போக்கு நிற்காமல் அறுவை மேசையிலேயே இறந்துபோனது. 1967இல் கல்லீரல் மாற்றிய ஒரு குழந்தைதான் முதலில் ஓராண்டைத் தாண்டியது. நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து வரும்வரை மூன்றில் ஒருவர் ஓராண்டு பிழைத்தாலே பெரிது. இன்று நல்ல மையங்களில் பத்தில் ஒன்பது பேர்.

*

ரிஜெக்‌ஷன் (புதிய கல்லீரலை உடல் நிராகரிப்பது) என்றால் வலிக்கும், காய்ச்சல் அடிக்கும் என்று நினைத்திருப்பவர்கள் அதிகம். பல சமயம் ஒன்றுமே தெரியாது. ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதி ஏறியிருக்கும், அவ்வளவுதான். பயாப்சி எடுத்தால் பித்தநாளங்களை வெள்ளணுக்கள் மொய்த்திருப்பது தெரியும். முதல் சில வாரங்களில் வருவது பெரும்பாலும் ஸ்டீராய்டுக்கு அடங்கிவிடும். பித்தநாளங்களே ஒவ்வொன்றாக அழிந்துபோகும் நாள்பட்ட வகை அபூர்வம், ஆனால் பொல்லாதது.

*

நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரை டாக்ரோலிமஸ். 1984இல் ஜப்பானின் சுகுபா மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. ரத்தத்தில் அதன் அளவு கூடினால் சிறுநீரகம் கெடும், குறைந்தால் கல்லீரல். அந்த அளவைப் பார்க்க லேபுக்குப் போகிற காலையில் மாத்திரையைப் போடாமல் கையில் எடுத்துப் போக வேண்டும். இரவு 8 மணிக்குப் போட்டவர் காலை 8 மணிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் விழுங்க வேண்டும். முன்னாலேயே போட்டுவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் ஆபத்து. இதை ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சீட்டில் எழுதியே கொடுக்கலாம்.

பம்பளிமாஸ் பழம் வேண்டாம், அளவை ஏற்றிவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் நேர்மாறு, தடாலென்று இறக்கிவிடும். காசநோய் இவ்வளவு இருக்கும் நம் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும் "கல்லீரல் மாற்றியிருக்கிறேன்" என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

*

பத்து, பதினைந்து வருஷம் கழித்து உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ரிஜெக்‌ஷன் அல்ல. இதயநோய், புற்றுநோய், தொற்று, சிறுநீரகம். 2003இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், கல்லீரல் மாற்றியவர்களில் 18 சதவீதம் பேருக்கு ஐந்தாண்டுக்குள் சிறுநீரகம் கடுமையாகப் பழுதாகியிருந்தது. பிரஷர், சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் விடாமல் பார்ப்பதும் சிகிச்சைதான்.

*

1998இல் டெல்லியில், தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியைப் பெற்றது காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்று. இரண்டு வயதுகூட ஆகவில்லை. இந்தியாவில் வெற்றிபெற்ற முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று அது. வளர்ந்து டாக்டராகவும் ஆனார். நினைக்க நினைக்கச் சந்தோஷம்.

ஆனால் இப்படி வளரும் பிள்ளைகளுக்குப் பதினாறு, பதினேழு வயதுதான் கண்டம். அதுவரை அம்மா கையில் கொடுத்த மாத்திரையைத் தானே நினைவு வைத்துப் போட வேண்டிய வயது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றும்போது ஃபைலை மட்டும் அனுப்பினால் போதாது. கொஞ்ச காலமாவது இரண்டு டாக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து அந்தப் பிள்ளையோடு பேச வேண்டும்.