உப்பு நீரும் உறையும்

செப்டம்பர் 28, மார்க்கம்

காலையில் குளத்து நீர் 16 பாகை. இன்னும் சில நாளில் 15-க்குக் கீழே இறங்கிவிடும். அதன் பிறகு உப்புக் குளங்களில் உப்பிலிருந்து குளோரின் ஆக்கும் செல்கள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்தும். ரொறன்ரோவைச் சுற்றி நீச்சல் குளம் மூடும் எங்களுக்கு வேலை தொடங்குவது அப்போதுதான். எனக்கு இது பதினோராவது பருவம்.

புதிதாகச் சேர்ந்த தம்பி முதல் வீட்டிலேயே கேட்டான்: "அண்ணை, உப்புத் தண்ணி உறையாதுதானே?"

வீட்டுக்காரர்களும் வருடா வருடம் கேட்பதுதான். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. இந்தக் குளங்களில் 3 கிராம் சொச்சம். கண்ணீர்கூட இதைவிடக் கரிக்கும். இவ்வளவு உப்பு உறைநிலையை ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்குதான் இறக்கும். மைனஸ் 20 வருகிற ஊரில் அது எந்த மூலைக்கு? இதை அவன் மனதில் ஏற்றிய பிறகுதான் குழாயில் கைவைக்க விட்டேன்.

ஒக்டோபர் 3

இரண்டு வீடுகளில் கட்டுப்பாட்டுப் பெட்டி 'உப்புக் குறைவு' என்று மின்னியது. ஒருவர் மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். தடுத்துவிட்டேன். பெட்டி உப்பை நேராக அளப்பதில்லை; நீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து உப்பைக் கணக்கிடுகிறது. குளிர்ந்த நீர் குறைவாகவே கடத்தும். சோதனைப் பட்டையை நனைத்துக் காட்டினேன்: லீற்றருக்கு 3,200 மில்லிகிராம். உப்பு ஆவியாகிப் போவதில்லை. வசந்தத்தில், உருகிய பனியால் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று அளந்துவிட்டுப் போட்டால் போதும்.

ஒக்டோபர் 8

இன்று முழுவதும் செல்கள். இந்த வேலையில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

முதலில் பிரேக்கரை இறக்க வேண்டும். பெட்டியில் விளக்கு அணைந்தால் போதாது, பிரேக்கரே இறங்கியிருக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கத்து யூனியன் இணைப்புகளையும் கையால் திருகிக் கழற்றுவது. உள்ளே டைட்டேனியத் தகடுகள் அடுக்காக நிற்கும். அவற்றின் மேல் ருத்தேனியம் போன்ற அரிய உலோகங்களின் ஒக்சைட்டுப் பூச்சு, கண்ணுக்கே தெரியாத மெல்லிசு. செல்லின் ஆயுள் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. தகடுகளுக்கு நடுவே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. தம்பி திருப்புளியை எடுத்துச் சுரண்டப் போனான், வாங்கி வைத்தேன். தோட்டக் குழாயால் பீச்சினால் பாதி போய்விடும். போகாததற்கு மட்டும் அமிலம்: நாலு பங்கு நீர், ஒரு பங்கு அமிலம், பத்து நிமிடம். வாளியில் முதலில் நீர், அதன் மேல் அமிலம். அவன் அமிலத்தை முதலில் ஊற்றப் போனபோது மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். மாற்றிச் செய்தால் சூடேறி முகத்தில் தெறிக்கலாம். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

படிவு இல்லாத செல்லையும் 'எதற்கும் ஒருமுறை' அமிலத்தில் போடச் சொல்கிற வீட்டுக்காரர்கள் உண்டு. நான் சம்மதிப்பதில்லை. ஒவ்வொரு குளியலும் பூச்சில் கொஞ்சத்தைத் தின்கிறது.

செல் இருந்த இடத்தில் வெற்றுக் குழாய்த் துண்டைப் பூட்டினோம். நீரோட்ட உணரியையும் கழற்றித் துடைத்தாயிற்று. ஓ-ரிங்குகளுக்குச் சிலிக்கோன் கிறீஸ். வாஸ்லின் பூசினால் ரப்பர் ஊதிப்போகும். செல்லைத் துணியில் சுற்றி, அந்த வீட்டு நிலவறையிலேயே வைத்தோம்.

ஒக்டோபர் 15

போன ஏப்ரலில் திறக்கப் போன வீட்டுக்கே இன்று மூடப் போனோம். முந்தைய இலையுதிர் காலத்தில் அங்கே வேறு யாரோ மூடியிருந்தார்கள். எல்லாக் குழாயையும் ஊதியிருந்தார்கள். செல்லை மட்டும் கழற்றவில்லை. குழாய் சற்றே உள்சாய்ந்திருந்ததால் செல்லுக்குள் கொஞ்சம் நீர் தேங்கி நின்றிருக்கிறது. நீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். ஏப்ரலில் பார்த்தபோது ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உறை பிளந்து கிடந்தது. வீட்டுக்கார அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிற்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. புதியது வாங்க ஆயிரம் டொலர் அளவில் போனது.

ஒக்டோபர் 21

நீரை இறக்குவது, ஊதுவது. வினைல் விரித்த குளத்தை முழுதாக வற்றவிடக் கூடாது. விரிப்பு சுருங்கும், வெளி மண்ணின் அழுத்தம் சுவரை உள்ளே தள்ளும். திரும்பு குழாய்களுக்குச் சற்றுக் கீழே வரை இறக்கினால் போதும். இறக்கிய உப்பு நீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில் விடவேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். இந்தப் பக்கத்து ஓடைகள் ரூஜ் ஆற்றில் சேர்ந்து ஒன்ராறியோ ஏரிக்குப் போகின்றன. உப்பும் குளோரினும் அங்கே இருக்கிற மீனுக்கு ஆகாது.

புளோவரைப் பூட்டியதும் குழாய் வாய்களில் நீர் குமிழியிட்டு எழும். வெறும் காற்று வரும்வரை ஊதி, ஒவ்வொன்றாக அடைப்பான் இறுக்குவோம். அடிவடிகாலை மட்டும் அடைக்க முடியாது. குளத்தின் நடுவே குமிழிகள் பொங்கும்போதே வால்வை மூடிவிட வேண்டும். உள்ளே சிக்கிய காற்றே குளிர்காலம் முழுக்க நீரைத் தடுத்து நிற்கும். தம்பி இன்று அந்த நொடியைச் சரியாகப் பிடித்தான். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

நவம்பர் 6

நீரை வடிக்கக் கழற்றிய திருகுமூடிகள் எல்லாம் பம்பின் கூடைக்குள் போகவேண்டும் என்பது என் விதி. வீட்டுக்கு வீடு கூடையைப் படம் எடுத்துக்கொள்வேன். நேற்றிரவு, விடியும்போது மைனஸ் 8 என்று முன்னறிவிப்பு வந்ததும் படங்களைப் புரட்டினேன். ஸ்காபரோவில் கடைசியாக மூடிய வீட்டில் நாலு இருக்கவேண்டும்: பம்புக்கு இரண்டு, வடிகட்டிக்கு ஒன்று, ஹீட்டருக்கு ஒன்று. படத்தில் மூன்றுதான். தம்பியைக் குறைசொல்ல இடமில்லை; எண்ணிச் சரிபார்ப்பது என் பொறுப்பு.

பத்தரைக்கு அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். "தம்பி, இந்த இருட்டுக்கையோ? விடியப் பார்க்கலாமே," என்றார் அந்த வீட்டுக்கார அம்மா. விடிவதற்குள் உறைந்துவிடும் என்றதும் பின்வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் கோட்டும் தொப்பியுமாக வெளியே வந்து நின்றார்.

புல் ஏற்கெனவே காலடியில் நொறுங்கியது. ஹீட்டரின் அடித்திருகு குளிரில் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. கழன்றதும் நீர் வந்தது. ஒரு குவளை இருக்கும். கடைசிச் சொட்டு விழும்வரை டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். பிறகு மூடியைக் கூடைக்குள் போட்டுப் புதிதாகப் படம் எடுத்தேன். நாலு.