நாமும் நாங்களும்: காளிகாட் வீட்டுக் கிறிஸ்துமஸ்

கொல்கத்தாவின் காளிகாட்டில், ராஷ்பிகாரி அவென்யூவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஆச்சியின் வீடு இருந்தது. தாத்தா, தென்கிழக்கு ரயில்வேயின் கார்டன் ரீச் தலைமையகத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர். 1961இல் மணமாகிப் பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஆச்சி, அறுபது ஆண்டுகள் அந்நகரில் வாழ்ந்தும் நெல்லைத் தமிழின் ஓசையை விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்னதாக, அவருடைய பிள்ளைகள் நால்வரின் குடும்பங்களும் அங்கே கூடிவிடும். சென்னையிலிருந்து கோரமண்டல் விரைவு வண்டியில் நாங்கள் போய்ச் சேர்வோம். பத்தொன்பது பேருக்கு இரண்டு அறைகளும் ஒரு மொட்டை மாடியும்.

வாழையிலையும் கறிவேப்பிலையும் லேக் மார்க்கெட்டின் தென்னிந்தியக் கடைகளிலிருந்து வரும். முந்திரிக்கொத்துக்கான கருப்பட்டியை யாராவது ஊரிலிருந்து கொண்டுவந்திருப்பார்கள். பெரியப்பா, நியூ மார்க்கெட்டில் நெடுநேரம் வரிசையில் நின்று நாஹூம் அடுமனையின் கேக்கை வாங்கி வருவார். யூதக் குடும்பம் ஒன்று 1902இல் தொடங்கிய கடை அது. கிறிஸ்துமசை வங்காளிகள் ‘பொரோ தின்’, அதாவது பெரிய நாள், என்பார்கள். காளி கோயிலுக்குப் போய்விட்டு வரும் பக்கத்து வீட்டம்மா, குளிர்காலத்து ஈச்ச வெல்லத்தில் செய்த சந்தேஷோடு வந்து வாழ்த்துவார். ஆச்சி அதே தட்டில் அச்சுமுறுக்கை வைத்துத் திருப்பித் தருவார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். வீட்டின் இளைய பிள்ளை ஒரு வரியாவது தமிழில் ஜெபிக்க வேண்டும் என்பது ஆச்சியின் விதி. 2009இல் அந்த முறை அத்தை மகனுக்கு வந்தது. அவனுக்கு ஒன்பது வயது. பள்ளியிலும் தெருவிலும் வங்காளமே பேசி வளர்ந்தவன். கண்களை இறுக மூடிக்கொண்டு, “ஆண்டவரே, நம்மை ஆசீர்வதியும்” என்றான். பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். “‘எங்களை’ன்னு சொல்லுடா, ஆண்டவரையும் சேர்த்தா ஆசீர்வதிக்கணும்?” என்றார் பெரியப்பா. அவன் முகம் சிவந்தது. ஆச்சி மட்டும் சிரிக்கவில்லை. “சிரிக்காதிய. அவன் சரியாத்தான் சொல்லுதான். இன்னைக்கு அவரு நம்மகூட வந்து இருக்காருல்லா” என்றார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பாட்டி பேரனுக்குப் பரிந்து பேசுகிறார் என்றே நினைத்தேன்.

கேட்பவரையும் உள்ளடக்கினால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’ என்ற இந்த வேறுபாடு வங்காளத்தில் இல்லை. இரண்டுக்கும் ‘ஆம்ரா’ ஒன்றே. இந்தோ ஆரிய மொழிகளுள் மராத்தியிலும் குஜராத்தியிலும் அது உண்டு. அது திராவிடத் தொடர்பால் வந்திருக்கலாம் என்று மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். தமிழில் வினைமுற்று இதைக் காட்டாது: ‘வந்தோம்’ இரண்டுக்கும் பொது. வேறுபாட்டின் முழுப் பாரத்தையும் பெயர்ச்சொல்லே சுமக்கிறது. ஆகவே, ‘ஆம்ரா’வைப் பேசி வளர்ந்த ஒரு குழந்தையிடம் முதலில் மங்கக்கூடிய கூறுகளில் இதுவும் ஒன்று.

முதுகலை ஆய்வேட்டுக்காக 2019 டிசம்பரில் அதே வீட்டில் ஆறு மணிநேரப் பேச்சைப் பதிவு செய்தேன். ‘எங்களை’ வர வேண்டிய இடத்தில் ‘நம்மை’ வந்த சான்றுகளை, ‘வங்காளத் தாக்கத்தால் நேர்ந்த பிழைகள்’ என்ற தலைப்பின்கீழ் அட்டவணையிட்டேன். ஜெபத்தின்போது மரியாதை கருதிப் பதிவுக் கருவியை அணைத்துவிட்டேன். ஒவ்வொருவரையும் உறவுமுறையோடு சொல்லி ஆச்சி ஏறெடுத்த அந்த நீண்ட ஜெபம் என்னிடம் இல்லை. சொற்பட்டியல் மட்டும் இருக்கிறது.

ஆச்சி 2022இல் காலமானார். மறு ஆண்டு பெரியப்பா அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தார். “வீட்டை வித்துடலாம்னு நாங்க முடிவு பண்ணிட்டோம்” என்றார். ‘முடிவு பண்ணிட்டோம்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அப்பாவும் அதற்குள் இருந்திருக்கலாம். அந்த ‘நாங்க’ அவரை வெளியே நிறுத்தியது. அப்பா “சரிண்ணே” என்று சொல்லி வைத்துவிட்டார். அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வீடு இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் அடுக்குமாடி எழுகிறது. இரண்டு கிறிஸ்துமஸ்கள் அவரவர் வீட்டில் கழிந்தன.

ஆச்சி பேரனுக்குப் பரிந்து பேசவில்லை என்பதைத் தாமதமாகவே உணர்ந்தேன். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் ‘எங்கள்’ வருகிறது. இம்மானுவேல் என்ற பெயரின் பொருளில் ‘நம்மோடு’ வருகிறது. எட்டாம் வகுப்பு வரை படித்த ஆச்சிக்கு இரண்டும் மனப்பாடம். எங்கே விலகி நிற்பது, எங்கே சேர்த்துக்கொள்வது என்று தெரிந்தே அவர் அன்று ஒரு பக்கம் நின்றார். நான் பிழை என்று எண்ணிட்டு வைத்த இடம் அது.

கடந்த வாரம், நெடுநாளாக அமைதியாக இருந்த குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தை மகன் ஒரு வரி எழுதியிருந்தான். இப்போது அவன் பெங்களூரில் பணியாற்றுகிறான். “இந்த வருஷம் நாம எங்க கூடுறோம்?” பெரியப்பா, அப்பா இருவரும் அதைப் படித்திருப்பார்கள். பதில் இல்லை.

வேறுபாடு அறியாமல் எழுதினானா, அறிந்தே எழுதினானா என்று நான் அவனைக் கேட்கவில்லை. “நம்ம வீட்டில், சென்னையில்” என்று சற்றுமுன் பதில் எழுதினேன். அப்பாவிடம் இனித்தான் சொல்ல வேண்டும்.