தீவாந்தரம் சென்ற சிறுவன்

யாழ்ப்பாணத்திலிருந்து பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகரை அடைவோர், ஊர்காவற்றுறையை நோக்கிய கரையில் நின்றால், இரு தீவுகளுக்கும் இடையே நீர்மேல் எழுந்து நிற்கும் ஒரு சிறு கோட்டையைக் காண்பர். கடற்கோட்டை என்பது நம்மவர் அதற்கு இட்ட பெயர். இலங்கைத் தீவு பன்றித் தொடையின் வடிவினதென்று கண்ட ஒல்லாந்தர், அத்தொடையின் குதிகாலென இதனைக் கருதி, 'ஹம்மன்ஹீல்' என அழைத்தனர். கட்டியவர் போர்த்துக்கேயர், 1658ஆம் ஆண்டிலே முற்றுகையிட்டுக் கைப்பற்றியவர் ஒல்லாந்தர். சுற்றிலும் கடல் நிறைந்திருந்தும், குடிக்க நீரின்றியே போர்த்துக்கேயர் பணிந்தனர் என்பது வரலாறு.

ஆங்கிலேயர் ஆட்சியில் இக்கோட்டை சிறையாயிற்று. பின்னர் தொற்றுநோயாளரை ஒதுக்கிவைக்கும் மருத்துவமனையாயிற்று. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் மீண்டும் கைதிகளைக் கண்டது. இன்றோ கடற்படையினரின் பொறுப்பில் உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாக விளங்குகின்றது. சிறைக்கு மதில் வேண்டும். ஆனால் கடலே மதிலாக அமைந்துவிடின் காவலர் வேலை எளிதாகின்றது. குற்றவாளியைத் தன் மண்ணிலிருந்து பெயர்த்துக் கடல் கடத்தும் தண்டனைக்கு நம் முன்னோர் 'தீவாந்தரம்' என்று பெயரிட்டதும் இக்கருத்துப் பற்றியே போலும்.

கடல் கடத்தப்பட்டோர் கதை நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தின் இறுதி மன்னன் சங்கிலி, 1619இல் போர்த்துக்கேயரிடம் சிறைப்பட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே கொலைத்தண்டனை எய்தினான். கண்டிப் பிரதானி எஹெலபொல 1825இல் மொரீசியசுக்கு அனுப்பப்பெற்று, 1829இல் அங்கேயே மாண்டான். இவர்கள் அரசியலில் பெரியோர். அரசுகள் இவர்களை அஞ்சியதில் வியப்பில்லை. ஆனால் அதே ஆங்கில அரசு தன் சொந்தக் குடியிற் பிறந்த ஓர் ஏழைச் சிறுவனையும் கடல் கடத்தியது. கடற்கோட்டையை நோக்குந்தோறும் நமக்கு நினைவில் எழுவது அவன் கதையே.

அவன் பெயர் ஜோன் ஹட்சன். 1783ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இலண்டன் மாநகரின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்திலே குற்றவாளிக் கூண்டில் நின்றபோது அவனுக்கு ஒன்பது வயதளவே. நம் பிள்ளைகள் நான்காம் வகுப்பிற் படிக்கும் பருவம். தாய் தந்தையர் இருக்கின்றனரா என வினவியபோது, இறந்துவிட்டனர் என்றான். எப்போது என்றதற்கு, தெரியாது என்றான். தொழில் ஒன்றும் கற்றிலன்; சிற்சில வேளை வீடுகளின் புகைபோக்கியினுள் ஏறிக் கரி துடைப்பான். சிறு உடல்தான் அக்குழாய்களில் நுழையும் என்பதால் அக்காலத்து இலண்டனில் அநாதைச் சிறுவர் பலர் அவ்வேலையில் ஏவப்பட்டனர்.

ஒரு வீட்டினுள் புகுந்து ஒரு சட்டை, ஐந்து பட்டுக் காலுறைகள், ஒரு கைத்துப்பாக்கி, பெண்கள் வேலை செய்யும்போது இடுப்பிற் கட்டும் துணி இரண்டு ஆகியவற்றைத் திருடினான் என்பது வழக்கு. அவற்றின் மொத்த மதிப்பு 22 சில்லிங். கண்ணாடியிற் படிந்த கரிக்கறையே அவனுக்கு எதிரான சாட்சிகளுள் ஒன்றாயிற்று. இரவிற் கன்னமிட்ட குற்றம் நிலைபெற்றிருப்பின் தூக்கு என்பது அந்நாளைய சட்டம். ஜூரர் அதனை ஏற்காது, களவு மட்டுமே மெய்யென்றனர். இயலுமாயின் இச்சிறுவனை அழிவிலிருந்து மீட்கவேண்டும் என்னும் கருத்துப்பட நீதிபதியும் இரங்கிப் பேசினார். அந்த இரக்கத்தின் பயனாக அவனுக்குக் கிடைத்தது ஏழாண்டுத் தீவாந்தரம்.

1784இல் அமெரிக்காவை நோக்கி அவனை ஏற்றிச் சென்ற 'மேர்குரி' என்னும் கப்பலைக் கைதிகள் கைப்பற்றி இங்கிலாந்தின் கரைக்கே திருப்பினர். மீண்டும் பிடிபட்டோருள் அவனும் ஒருவன். பிளிமத் துறையிலே, பழங்கப்பலொன்றைக் கட்டிவைத்து அமைத்த மிதக்கும் சிறையில் அவனுடைய பிள்ளைப் பருவம் கழிந்தது. 1787 மே மாதம் 11 கப்பல்கள் எழுநூறுக்கு மேற்பட்ட கைதிகளுடன் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டன. அவற்றுள் 'பிரெண்ட்ஷிப்' என்னும் கப்பலில் அவன் இருந்தான். எட்டு மாதப் பயணத்தின்பின், 1788 ஜனவரியில், சிட்னித் துறையை அடைந்தபோது அவனுக்கு வயது பதின்மூன்று.

அதனோடும் அமையவில்லை. 1790இல் 'சிரியஸ்' என்னும் கப்பலில் ஏற்றி நோர்போக் தீவுக்கு அனுப்பினர். அக்கப்பல் அத்தீவின் பாறைகளில் மோதி உடைந்தது. அதிலிருந்தோர் உயிர் தப்பினர். 1791 பெப்ரவரியிலே, இரவில் குறித்த நேரத்தின் பின் குடிசைக்கு வெளியே நின்றான் என்பதற்காக அவனுக்கு 50 கசையடி விழுந்தது. 1783 டிசம்பர்த் தீர்ப்பிலிருந்து எண்ணின், ஏழாண்டு அப்போதே கடந்துவிட்டது. அதன்பின் ஏடுகளிலிருந்து அவன் பெயர் மறைந்துபோகின்றது. திருடிய துணியின் விலையை எழுதிவைத்த ஏடுகள், திருடியவன் வாழ்ந்தானா மாண்டானா என்பதை எழுதவில்லை.

இஃது எங்கோ நடந்த கதை என நாம் ஒதுக்கிவிடலாகாது. அக்கப்பல்கள் சிட்னியில் நங்கூரமிட்டு ஏழாண்டுகள் கழிந்து, 1795 செப்டெம்பரில், யாழ்ப்பாணக் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்களுடைய சட்டநெறியும் உடன் வந்தது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, எட்டு வயது நிரம்பாத பிள்ளையின் செயல் குற்றமாகாது என விதித்தது. எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தன் செயலின் தன்மையை உணரும் முதிர்ச்சி உண்டா என ஆராயும் பொறுப்பை நீதிபதியிடம் விட்டது. 2018ஆம் ஆண்டிலேதான் அந்த எட்டு வயது பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. அதுவரை ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் நம் நாட்டிலும் ஜோன் ஹட்சனைப் போலக் கூண்டில் நிற்க இடமிருந்தது.

திருட்டைத் திருட்டன்று எனல் நம் கருத்தன்று. பொருளை இழந்தவனுக்கு நீதி வேண்டும். ஆயினும், தந்தை தாய் இறந்த காலத்தையும் அறியாத பிள்ளைக்கு உணவும் பள்ளியும் அளிக்க ஒரு காசும் செலவிடாத அரசு, அவனைத் தண்டிப்பதற்கு உலகின் மறுகோடிவரை கப்பல் விட்டதே! அச்செலவில் ஒரு சிறு பங்கு அவனைக் காத்திருக்குமன்றோ?

காரைநகர்க் கரைக்குப் பிள்ளைகளுடன் செல்லும் வாசகர்கள் கடற்கோட்டையைச் சுட்டிக்காட்டி அதன் வயதைச் சொல்வர். அப்போது, 22 சில்லிங் களவுக்காகக் கடல் கடந்த அச்சிறுவனின் வயதையும் அவர்களுக்குச் சொல்வாராக.