அடையும் வெண்ணெயும்

அடைக்கு உகந்தது வெண்ணெயா, அவியலா என்பது எங்கள் வீட்டில் தீர்ப்பு வராத பழைய வழக்கு. நான் அவியல் கட்சி. என் தாயார் வெண்ணெய்க் கட்சி. 78 வயதிலும் கட்சி மாறாதவள். அந்தக் கட்சிப் பற்றே ஒருநாள் அவளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோய்க் கிடத்தும் என்று நாங்கள் யாரும் எண்ணவில்லை.

நாங்கள் குடியிருப்பது யானைக்கவுனியில். பெயரைக் கேட்டதும் வெளியூர் நண்பர்கள், "யானை எங்கே?" என்பார்கள். 18-ஆம் நூற்றாண்டில் கறுப்பர் பட்டணத்துக்கு அரணாக எழுப்பிய மதிலில் இருந்த வாசல்களில் ஒன்றின் பெயர் அது. மதிலும் போயிற்று, வாசலும் போயிற்று. பெயர் மட்டும் நிற்கிறது. அந்த மதிலுக்காக ஜனங்களிடம் வசூலிக்க நினைத்து, வசூலிக்காமலே விட்ட வரியின் பெயரும் வால்டாக்ஸ் ரோடு என்று பக்கத்திலேயே நிற்கிறது. காரியம் நடக்காவிட்டாலும் பெயர் நிலைத்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இந்தப் பேட்டையில் தமிழும் தெலுங்கும் இந்தியும் குஜராத்தியும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிக்கும். சௌகார்ப்பேட்டைப் பக்கமிருந்து காற்று அடித்தால் நெய் மணக்கும். மாடியில் நாங்கள். கீழ்க்கட்டில் ஒரு வடக்கத்திக் குடும்பம். அந்த வீட்டுப் பெரியம்மாளை நாங்கள் சேட்டம்மா என்போம். பிறந்தது மதுரா, வாழ்க்கைப்பட்டது யானைக்கவுனி. நாற்பது வருஷமாகத் தமிழ் பேசுகிறாள். ஆனால் தமிழ் இன்னும் அவளுக்கு முழுதாக வசப்படவில்லை.

சில வருஷங்களுக்கு முன் என் தங்கையின் பிள்ளை கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தான். அவனுக்குக் கேக் செய்வதில் பித்து. சிறிய மின்சார அடுப்பு ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டே வந்து சேர்ந்தான். சமையலறையில் ஆண்பிள்ளை நுழைந்தால் என் தாயாருக்குப் பெருமை. "உன் மாமாவுக்குக் காப்பி கலக்கக்கூடத் தெரியாதுடா" என்று என்னைத் தாழ்த்தி அவனை உயர்த்துவாள்.

ஒருநாள் நாங்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவன் வெண்ணெயை உருக்கி, ஏதோ இலையைப் போட்டு நிதானமாகக் காய்ச்சி, வடிகட்டி, ஒரு எவர்சில்வர் சம்புடத்தில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டான். அது இறுகி இளம் பச்சையாக இருந்தது. மறுநாள் மாலை அவன் வெளியே போயிருந்தபோது, என் தாயார் அடை வார்த்தாள். வெண்ணெய் தேடினாள். பச்சைச் சம்புடம் கையில் அகப்பட்டது.

நம் வீடுகளில் வெண்ணெய் காய்ச்சி இறக்கும்போது ஒரு கொத்து முருங்கை இலை போடுகிற வழக்கம் உண்டல்லவா? பிள்ளை தனக்காக அப்படிக் காய்ச்சி வைத்திருக்கிறான், பாதியில் இறக்கிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து அவள் உச்சி குளிர்ந்து போனாள். இரண்டு அடைக்கும் தாராளமாகவே தடவிக்கொண்டாள். நான் வழக்கம்போல் அவியல். அன்று என்னைக் காப்பாற்றியது என் கட்சிதான்.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு கூடத்திலிருந்து, "டேய், நான் விளக்கேற்றினது இன்றைக்கா, நேற்றைக்கா?" என்று குரல் வந்தது. எழுதிக்கொண்டிருந்த நான் நிமிரவில்லை. "சுவர் மூச்சு விடுகிறதுடா" என்றாள் அடுத்தபடி. சிரித்தாள். நான் எழுந்து போவதற்குள் சிரிப்பு பயமாக மாறிவிட்டது. நாக்கு உலர்ந்து பேச்சுக் குழறியது. எழுந்து நிற்க முயன்றவள் சரிந்தாள். கையைப் பிடித்துப் பார்த்தேன். நாடி குதிரை ஓட்டமாக ஓடிற்று. பக்கவாதம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

என் கூச்சலைக் கேட்டுச் சேட்டம்மா படியேறி வந்தாள். என் தாயாரின் கண்களைப் பார்த்தாள். வாயருகே முகர்ந்தாள். தட்டில் ஒட்டியிருந்த பச்சையை விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள்.

"சார், மாஜி பாங் சாப்பிட்டிருக்காங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. என் தாயாரையா? அந்த நேரத்தில்தான் மருமான் வந்து வாசலில் நின்றான். தட்டைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சேட்டம்மா என் பக்கம் திரும்பி, "டாக்டர்கிட்டே சொல்லுங்க சார். மறைக்காதீங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் பரபரவென்று கேள்விகள் கேட்டார். எத்தனை மணிக்குத் தொடங்கிற்று? ரத்தக் கொதிப்பு உண்டா? மூளையில் ரத்தக்கட்டு இருக்கலாம், படம் எடுக்க வேண்டும், கட்டைக் கரைக்கும் ஊசி போடுவதானால் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்றார். அந்த ஊசி வேண்டாத உடம்பில் ஏறினால் ரத்தம் கசியும் அபாயம் உண்டு என்பதையும் சொன்னார். கடைசியில், "இன்றைக்குப் புதிதாக ஏதாவது சாப்பிட்டார்களா?" என்று கேட்டார்.

"அடை" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

நாற்பது வருஷமாகக் கதை எழுதுகிறவன் நான். உண்மை பேசும் கதாநாயகர்களை எத்தனையோ பேரைப் படைத்திருக்கிறேன். அந்த ஒரு நிமிஷத்தில் 'கஞ்சா' என்ற மூன்றெழுத்துச் சொல் என் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை. போலீஸ், பத்திரிகை, தங்கையின் முகம், பையனின் படிப்பு, என் பெயர் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அந்த வரிசையில் என் தாயார் கடைசியில் நின்றாள் என்பதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

எனக்குப் பின்னால் நின்ற பையன் முன்னால் வந்தான். "டாக்டர், அது நான் செய்து வைத்த கஞ்சா வெண்ணெய். பாட்டிக்குத் தெரியாது. சுமார் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டிருப்பார்கள்" என்றான். குரல் நடுங்கிற்று, சொல் நடுங்கவில்லை.

டாக்டரின் முகத்தில் இருந்த அவசரம் தணிந்தது. இதற்கென்று முறிவு மருந்து கிடையாது, இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் விடாமல் கவனித்துக்கொண்டு தானாகத் தெளிகிற வரையில் காத்திருக்க வேண்டும் என்றார். படம் எடுத்துப் பார்த்ததில் மூளை சுத்தமாக இருந்தது. ஊசி போடவில்லை. இரவு முழுவதும் நாங்கள் மூன்று பேரும் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது ஆள் சேட்டம்மா.

அன்றிரவுதான் எனக்கு இந்தச் சமாசாரத்தில் பாடம் கிடைத்தது. இந்த இலையின் சத்து தண்ணீரில் எளிதில் கரையாது; கொழுப்பில் கரையும். அதனால்தான் வடக்கே பாலிலும் நெய்யிலும் சேர்க்கிறார்கள். சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறும் மாஜூன் அங்கே பழைய பண்டம். 1893-94-இல் வெள்ளைக்கார சர்க்கார் இதற்கென்றே ஒரு கமிஷன் வைத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. அளவோடு உபயோகிப்பவர்களுக்குப் பெரிய கெடுதல் இல்லை, முழுத்தடை வேண்டாம் என்று அது அபிப்பிராயப்பட்டது. அமெரிக்க மாது ஆலிஸ் டோக்லஸ் 1954-இல் வெளியிட்ட சமையல் புத்தகத்திலும் இந்தப் பச்சிலை இனிப்பு ஒன்று இடம்பெற்றுப் பெயர் வாங்கிற்று. போதை தரும் சரக்கு இன்னது என்று இஸ்ரேல் விஞ்ஞானிகள் மெக்கூலமும் கவோனியும் பிரித்துக் காட்டியது 1964-இல்தான்.

புகையாக இழுத்தால் சில நிமிஷங்களில் தலைக்கு ஏறுவது, சாப்பிட்டால் அரை மணியிலிருந்து இரண்டு மணி வரை எடுத்துக்கொள்ளும். ஈரலில் போய் இன்னும் வீரியமான சரக்காக மாறும். "ஒன்றும் செய்யவில்லையே" என்று இன்னொரு துண்டு சாப்பிட்டவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான். கனடாவில் 2019 முதல் இப்படிப்பட்ட பண்டங்களைச் சட்டப்படி விற்கிறார்கள். அங்கேகூட ஒரு பொட்டலத்துக்குள் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. வீட்டில் காய்ச்சிய வெண்ணெய்க்கு அளவு ஏது? ஒரு ஸ்பூனில் எவ்வளவு என்பது காய்ச்சியவனுக்கே தெரியாது.

நம் நாட்டுச் சட்டமும் ஒரு புதிர்தான். 1985-ஆம் வருஷத்துச் சட்டம் பூங்கதிரைத் தடுக்கிறது; தனி இலையைத் தன் வலைக்கு வெளியே விடுகிறது. ஆகவே ராஜஸ்தானத்தில் லைசென்சுக் கடையிலேயே பாங் கிடைக்கும். தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டமோ இலையையும் விடாது. பையன் போட்டது வெறும் இலையும் அல்ல. அதன் பிறகு அவன் போலீஸ் நிலையத்துக்கும் நான் வக்கீல் வீட்டுக்கும் நடந்தது தனிக் கதை.

விடியும் நேரத்தில் சேட்டம்மா பையனிடம் பேசினாள். "எங்க தாத்தா ஹோலிக்குப் பாங் அரைப்பாரு. அதுக்குத் தனிக் கல்லு, தனி லோட்டா. குழந்தைக்குக் குடுக்க மாட்டாரு, வயசானவங்களுக்கும் குடுக்க மாட்டாரு. அரைச்சு முடிச்சதும் லோட்டாவைக் கையிலேயே வெச்சுக்குவாரு. கீழே வைக்க மாட்டாரு, பேட்டா." வேறு உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. பையன் அழுதான்.

மறுநாள் பிற்பகலில் என் தாயார் நன்றாகத் தெளிந்துவிட்டாள். நடந்ததைச் சொன்னோம். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு பேரனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"டாக்டரிடம் நீதான் சொன்னாயாமே?"

"ஆமாம் பாட்டி."

"உன் மாமா?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"அவனுக்குக் காப்பி கலக்கவும் தெரியாது" என்றாள். அவன் தலையைத் தடவிக்கொண்டே, "சமையல் தெரிந்தால் மட்டும் போதாதுடா. அடுக்களை நாலு பேர் கை வைக்கிற இடம். அதுவும் தெரிய வேண்டும்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் சம்புடத்தைத் தானே எடுத்துக் கொட்டிக் கழுவினான். மின்சார அடுப்பைக் கட்டி மூலையில் வைத்தான். அதை அவிழ்க்கச் சொன்னவளும் என் தாயார்தான். ஒரு வாரம் கழித்து அவன் பாட்டிக்கென்று வெறும் வாழைப்பழக் கேக் செய்தான். அவள் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"முதலில் நீ சாப்பிடு. இரண்டு மணி நேரம் பார்க்கிறேன்" என்றாள்.